மலையகத்தில் காது கேளாதோர், சைகை மொழி, அரச சேவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் காது கேளாதோர் குடும்பங்களோடு பிரதேச செயலகம், வைத்தியசாலை, பொலிஸ் என்று போய்வரும்போது ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. சிலவற்றை உத்தியோகத்தர்கள் கேட்கிறார்கள், சிலவற்றைத் தாதிமார், சிலவற்றைப் பெற்றோரே கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். பதில்களில் பாதி சட்டத்தில் இருப்பது. மீதி காது கேளாத நண்பர்கள் எனக்கு விளங்கப்படுத்தியது.

எழுதிக் காட்டினா போதாதா? பேப்பரும் பேனையும் எல்லா ஆபீஸ்லயும் இருக்குதானே?

சிலருக்குப் போதும். பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்து, பிறகு காய்ச்சலாலோ வயதாலோ காது மங்கியவருக்குத் தமிழ்தான் தாய்மொழி. அவருக்கு எழுதிக் காட்டலாம். பிறவியிலேயே கேட்காதவரின் நிலைமை வேறு. நாம் எல்லோரும் நாலைந்து வயதுவரை தமிழைக் காதால் கேட்டு நிரப்பிக்கொண்ட பிறகுதான் 'அ' எழுதப் போனோம். அவருக்கு அந்த முதல் வருடங்களே கிடைக்கவில்லை. எழுத்துத் தமிழ் அவருக்கு, படித்திருந்தாலும்கூட, இரண்டாவது மொழி.

"விண்ணப்பதாரியின் நிரந்தர வதிவிடம்" என்று எழுதி நீட்டினால் அவர் தலையாட்டுவார். விளங்கிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பின்னால் வரிசை நிற்கிறது, எல்லோரும் பார்க்கிறார்கள், எப்படியாவது அந்த இடத்தை விட்டுப் போனால் சரி என்று தலையாட்டுகிறார். அந்தத் தலையாட்டலை நம்பி நிரப்பிய படிவம் பிறகு பிழையாகத் திரும்பி வரும். அதற்காக அவர் இன்னொரு நாள் கொழுந்துச் சம்பளத்தை இழந்து, இரண்டு பஸ் ஏறி வரவேண்டும்.

சைகை மொழி உலகம் பூரா ஒண்ணுதானே? இல்ல, தமிழ் சைகை, சிங்கள சைகைன்னு தனித்தனியா இருக்கா?

உலகம் முழுவதற்கும் ஒன்று என்பது சரியில்லை. ஒவ்வொரு நாட்டிலும் காது கேளாதோர் கூடி வாழ்ந்த இடங்களில் மொழி வளர்ந்திருக்கிறது. அதற்கென்று இலக்கணம் உண்டு. முகபாவமும் புருவமும் அந்த இலக்கணத்தில் சேர்த்தி. தமிழ் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் கையால் காட்டினால் அது சைகை மொழி ஆகாது.

இலங்கையில் பெரும்பாலும் பாடசாலைகளைச் சுற்றியே சைகைகள் வளர்ந்தன. 1912 இல் தொடங்கிய இரத்மலானைப் பாடசாலையில் படித்தவரும் யாழ்ப்பாணம் கைதடி நவீல்ட் பாடசாலையில் படித்தவரும் சில சொற்களுக்கு வேறு வேறு சைகை காட்டுவார்கள். வாயசைவிலும் விரல் எழுத்திலும் மொழி வித்தியாசம் தெரியும். ஆனால் ஒரு சிங்களக் காது கேளாதவரும் ஒரு தமிழ்க் காது கேளாதவரும் ஹட்டன் பஸ் நிலையத்தில் சந்தித்தால், கொஞ்ச நேரத்தில் இருவரும் ஒரு வழிக்கு வந்து சரளமாகக் கதைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். காது கேட்கும் அவர்களுடைய பெற்றோருக்கு அது அவ்வளவு சுலபமாக வராது.

மலையகத்துல எத்தனை பேர்தான் இருப்பாங்க? கொஞ்சப் பேருக்காக இவ்வளவு செய்யணுமா?

2012 குடிசன மதிப்பீட்டில், ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் கேட்பதில் சிரமம் உள்ளதாகச் சொன்னவர்கள் நாடு முழுவதும் சுமார் 3 இலட்சத்து 89 ஆயிரம் பேர். இதில் பெரும் பகுதி வயதானவர்கள். சைகை மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இதைவிட மிகக் குறைவு. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் உரிமையை ஆள் எண்ணிக் கொடுப்பதில்லை. பிறப்புப் பதிவும் அடையாள அட்டையும் ஊழியர் சேமலாப நிதியும் தனியொருவருக்கும் அதே அளவு தேவை. அந்த ஒருவர் வரும் நாளில் வழி தெரிந்திருந்தால் போதும். தினமும் ஒருவரை அமர்த்தி வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

எங்க ஆபீஸுக்கு அப்படி யாரும் வாறதே இல்லையே?

வருகிறார்கள். காது கேளாமை வெளியே தெரியாது. வரிசையில் நிற்பார், பெயர் கூப்பிடுவது கேட்காமல் மதியம்வரை உட்கார்ந்திருப்பார், பிறகு எழுந்து போய்விடுவார். உங்கள் பதிவில் அவர் "கூப்பிட்டு வராதவர்". இன்னும் பலர் வருவதையே விட்டுவிட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக அண்ணனோ மாமாவோ வந்து கையெழுத்துப் போடும் இடத்தைக் கேட்டுக்கொண்டு போகிறார். லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, போய்ப் பார்த்தால்தான் அந்த ஆள் யாரென்று தெரியும்.

இதுக்கெல்லாம் சட்டம் இருக்கா, இல்ல நீங்க கருணையாலதான் கேக்கிறீங்களா?

சட்டம் இருக்கிறது, ஆனால் ஓட்டையும் இருக்கிறது. அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. வலுக்குறைந்தோருக்காக அரசு விசேட ஏற்பாடு செய்யலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் வலுக்குறைந்தோரின் உரிமைகளுக்கானது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. பொதுமக்களுக்குத் திறந்த கட்டடங்களிலும் சேவைகளிலும் தேர்ந்த சைகை மொழி உரைபெயர்ப்பாளர்கள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று அதன் 9 ஆம் உறுப்புரை நேரடியாகவே சொல்கிறது.

ஓட்டை எங்கே? சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகள், ஆங்கிலம் இணைப்பு மொழி. இந்த வரிசையில் சைகை மொழி இல்லை. அதற்கென்று ஒரு சட்டம் கொண்டுவர 2017 இல் அமைச்சரவை இணங்கியது. சமவாயத்தை உறுதிப்படுத்தியது மட்டும் நம் நீதிமன்றத்தில் சட்டமாக நிற்காது. நாட்டுச் சட்டம் ஒன்று வேண்டும். 2006 இல் வந்த அணுகல் வசதி ஒழுங்குவிதிகளும் பெரும்பாலும் சாய்தளம், கைபிடி, கழிப்பறை பற்றியவை. அதனால்தான் புதுக் கட்டடத்தில் சாய்தளம் இருக்கிறது, கவுன்டரில் கைமொழி தெரிந்தவர் இல்லை.

கூட வந்த மகளே எல்லாம் சொல்றாளே. அப்புறம் எதுக்கு வேற ஆள்?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு பெண்நோய் கிளினிக். காது கேளாத தாய், பன்னிரண்டு வயது மகள். மாதவிடாய் எப்படி, எத்தனை நாள் இரத்தம் போகிறது, கணவனோடு சேரும்போது வலிக்கிறதா என்று டொக்டர் கேட்கிறார். மகள் தரையைப் பார்க்கிறாள். பிறகு தாயிடம் ஏதோ ஒரு சைகை காட்டுகிறாள், தாய் தலையாட்டுகிறாள், மகள் "இல்லையாம்" என்கிறாள். எந்தக் கேள்விக்கு அந்த "இல்லை" என்று அந்த அறையில் இருந்த யாருக்கும் தெரியாது. அந்தப் பிள்ளை அன்று பள்ளிக்கூடமும் போகவில்லை.

வீட்டார் அன்பாகத்தான் செய்கிறார்கள். ஆனால் சுருக்கிச் சொல்வார்கள், கெட்ட செய்தியை மறைப்பார்கள், தாங்களே முடிவெடுத்துவிடுவார்கள். சத்திரசிகிச்சைக்குச் சம்மதம், சொத்து எழுதுவது, சேமலாப நிதி எடுப்பது, விவாகரத்து, பொலிஸ் முறைப்பாடு ஆகிய ஐந்திலும் வீட்டாரை உரைபெயர்ப்பாளராக வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பணத்தில் பங்கு கேட்பவரும், சில வேளை அடித்தவருமே பக்கத்தில் நின்று "அவர் சொல்றது இதுதான்" என்பார். கடிதம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவது, கிளினிக் திகதி கேட்பது போன்ற சின்ன வேலைகளுக்கு வீட்டார் உதவலாம். அதையும் காது கேளாதவரிடம் கேட்டுக்கொண்டு.

எங்க பிள்ளைக்கு சைகை பழக்கினா பேச்சு வராம போயிடும்னு சொல்றாங்களே?

இல்லை. சைகை மொழி பேச்சைத் தடுப்பதில்லை. மொழியே கிடைக்காமல் பிள்ளை வளர்வதுதான் ஆபத்து. முதல் சில வருடங்களில் ஏதாவது ஒரு மொழி முழுமையாகக் கிடைத்த பிள்ளைக்கு மற்ற மொழிகள் அதன் மேல் ஏறும். காது மெஷின் போட்டிருந்தாலும், உள்காதில் வைக்கும் கொக்லியர் கருவி பொருத்தியிருந்தாலும், பற்றரி தீர்ந்த நேரத்திலும் சத்தம் நிறைந்த கூட்டத்திலும் சைகை உதவும். சந்தேகம் வந்தவுடன் மருத்துவிச்சியிடம் சொல்லி, காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள். "அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில்) சொல்வதைக் கேட்டு இரண்டு வருடம் காத்திருக்காதீர்கள்.

பாடசாலை விடயம் கஷ்டம்தான். தமிழ் வழியில் படிக்கக் கைதடி போன்ற தூர இடங்களுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. கிட்ட உள்ளதில் சிங்களச் சூழல். சிறு வயதுப் பிள்ளையை அவ்வளவு தூரம் விட மனம் வராத பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். அதற்காக வீட்டோடு நிறுத்திவிடாதீர்கள். பிள்ளையோடு நீங்களும் சைகை மொழி படித்தால்தான் விடுமுறையில் வரும் பிள்ளைக்கு வீட்டில் கதைக்க ஆள் இருக்கும்.

ஆஸ்பத்திரியில, ஆபீஸ்ல காசு செலவில்லாம உடனே செய்யக்கூடியது ஏதாச்சும் இருக்கா?

இருக்கிறது. துண்டு கொடுக்கும் இடத்தில் கேட்டுவிட்டு, துண்டின் மூலையில் காதுக்குறி ஒன்று போடுங்கள். அந்தக் குறியைப் பார்த்த தாதி பெயரைக் கூப்பிடாமல் ஆள் இருக்கும் இடத்துக்குப் போய்க் கையசைப்பார். கூப்பிடும் இலக்கத்தை ஒரு கரும்பலகையில் எழுதினாலே காது மங்கிய தாத்தா பாட்டிமாருக்கும் அது உதவும்.

கதைக்கும்போது முகத்தைப் பாருங்கள், கூட வந்தவரை அல்ல. மாஸ்க் போட்டிருந்தால் முடிந்த இடத்தில் கழற்றுங்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் உங்கள் முகம் அவருக்கு இருட்டாகத் தெரியும். கத்துவதில் பயனில்லை. மருந்து எத்தனை வேளை என்பதைச் சூரியன், நிலா வரைந்து காட்டலாம். இவை மரியாதையான வரவேற்புக்குப் போதும். நோயை விளக்கவோ சம்மதம் வாங்கவோ போதாது.

எங்க கிளார்க் ஒருத்தர் சைகை மொழிப் பயிற்சிக்குப் போய் சேர்டிபிகேட்டோட வந்திருக்கார். அவரையே வச்சுக்கலாம்தானே?

வரவேற்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், நல்ல விடயம். "வணக்கம், பெயர் என்ன, இருங்கள், அடுத்த கவுன்டர்" என்று தன் மொழியில் ஒருவர் காட்டும்போது காது கேளாதவரின் முகம் மாறுவதை நீங்களே காண்பீர்கள். அதற்கு மேல் அந்தக் கிளார்க்கைத் தள்ளாதீர்கள். குறுகிய பயிற்சியில் வருவது சொற்கள். எதிரே இருப்பவர் வேகமாகக் கதை சொல்லும்போது அதைப் பிடித்து, எதையும் விடாமல், எதையும் சேர்க்காமல் மறுபக்கம் கொடுப்பது பல வருடப் பழக்கம். மேலே சொன்ன ஐந்து விடயங்களுக்கும் தேர்ந்தவர்தான் வேண்டும்.

தேர்ந்தவரை எங்க தேடுறது? யார் காசு குடுக்கிறது?

பிரதேச செயலகத்தின் சமூக சேவைகள் உத்தியோகத்தரிடமிருந்து தொடங்குங்கள். இலங்கை செவிப்புலனற்றோர் மத்திய சம்மேளனத்தையும், கிட்ட உள்ள விசேட பாடசாலையையும் கேட்கலாம். உரைபெயர்ப்பாளரின் சைகைத் திறமையை மட்டும் பார்த்தால் போதாது. முதல் கேள்வியில் சொன்ன எழுத்துச் சிக்கலோடு இங்கே இன்னொன்றும் சேர்கிறது: வருபவர் சைகையைச் சிங்களத்துக்கு மட்டும் மாற்றக்கூடியவரானால், தமிழ் பேசும் குடும்பத்துக்கு அங்கே இன்னொரு தடை. எந்த மொழிக்கு மாற்றுவார் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

செலவு அலுவலகத்துடையது. காது கேளாதவரிடம் வாங்கக்கூடாது. அடுத்த வருட மதிப்பீடு தயாரிக்கும்போது உரைபெயர்ப்புக்கென்று ஒரு சிறு தொகையைக் கேட்டு எழுதுங்கள். எழுதாத தொகை வராது.

வாட்ஸ்அப் வீடியோ கோல்ல செஞ்சா ஆகாதா?

ஆகும், பல இடங்களில் அதுதான் ஒரே வழி. கொழும்பிலிருந்து ஒருவர் அரைமணி நேர வேலைக்கு நோர்வூட்வரை வந்துபோவது எல்லா நாளும் நடக்காது. நம் மலையில் சிக்னல் எங்கே நிற்கும் என்பதை முதலே பார்த்து வையுங்கள். பழைய கருங்கல் கட்டடத்தின் உள் அறையில் படம் உறைந்து நிற்கும், ஜன்னலோரம் ஓடும். போனைக் கையில் பிடிக்காமல் எதிலாவது சாய்த்து வையுங்கள், கை இரண்டும் இடுப்புக்கு மேல் முழுதாகத் தெரிய வேண்டும். படம் உறைந்தால் நிறுத்தி, உறைந்த இடத்திலிருந்து மறுபடி கேளுங்கள். மயக்க மருந்தில் இருப்பவருக்கும், கண்பார்வையும் குறைந்தவருக்கும், அழுதுகொண்டிருப்பவருக்கும் வீடியோ சரிவராது.

எங்க டிவிஷன்ல ஒரு அக்கா பள்ளிக்கூடமே போகல. சைகை மொழியும் தெரியாது. வீட்டுச் சைகை மட்டும்தான். உரைபெயர்ப்பாளர் வந்தாலும் என்ன செய்வார்?

தோட்டங்களில் இப்படிப்பட்டவர்கள்தான் நிறைய. கணவனைக் குறிக்க அவருடைய நெற்றித் தழும்பைக் கோடு போட்டுக் காட்டுவார், கண்டக்டருக்குத் தொப்பியைத் தொடுவார், சம்பள நாளுக்கு விரலில் மை பூசுவார். அந்த லயத்துக்கு அது போதும். அலுவலகத்தில் அது போதாது.

இதற்கு ஒருவர் காணாது, இருவர் வேண்டும். சைகை மொழியில் தேர்ந்த ஒரு காது கேளாதவர் அந்த அக்காவோடு உட்காருவார். அவர் வாங்கியதைக் காது கேட்கும் உரைபெயர்ப்பாளர் தமிழில் சொல்வார். கண்ணால் உலகத்தைப் பார்த்து வளர்ந்த ஒருவருக்குத்தான் இன்னொருவரின் வீட்டுச் சைகை சீக்கிரம் பிடிபடும். படம், போட்டோ, கலண்டர், தரையில் போட்ட கற்கள் எல்லாம் உதவும். திகதி கேட்டால் வராது. "காமன் கூத்துக்கு முன்னா பின்னா" என்று அந்தக் கூத்தையே நடித்துக் கேட்டால் சட்டென்று வரும். ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். அக்காவின் வீட்டுச் சைகை தெரிந்த பக்கத்து லயத்துத் தோழி இருந்தால் சொற்களைக் காட்டித்தர அழைக்கலாம். அக்காவுக்காகப் பேச விடக்கூடாது.

பொலிஸ்ல, கோர்ட்ல சைகையில சொன்ன சாட்சி செல்லுமா?

செல்லும். 1895 ஆம் ஆண்டின் சாட்சிய கட்டளைச் சட்டத்தின் 119 ஆம் பிரிவு, பேச முடியாத சாட்சி எழுத்தாலோ சைகையாலோ விளங்கவைக்கலாம் என்கிறது. திறந்த நீதிமன்றத்தில் செய்ய வேண்டும். செய்தால் அது வாய்மூலச் சாட்சியமாகவே கொள்ளப்படும்.

சிக்கல் வருவது கோர்ட்டுக்கு முன்னால், பொலிஸ் நிலையத்தில். அங்கே எழுதும் முதல் வாக்குமூலம்தான் கடைசிவரை நிற்கும். முறைப்பாட்டின் மேலேயே "சைகை மொழி உரைபெயர்ப்பாளர் தேவை" என்று எழுதச் சொல்லுங்கள். யார் உரைபெயர்த்தார், அவருக்கு வழக்கோடு என்ன உறவு என்பதும் பதிவாக வேண்டும். வாசித்துக் காட்டாத வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடக்கூடாது. இங்கே வாசித்துக் காட்டுவது என்றால் சைகையில் திருப்பிக் காட்டுவது.

மண்சரிவு எச்சரிக்கை வந்தா அவங்களுக்கு எப்படித் தெரியும்?

இப்போதுள்ள ஏற்பாட்டில் பெரும்பாலும் தெரியாது. சைரன், கோயில் ஒலிபெருக்கி, வாசலில் நின்று கூப்பிடுவது எல்லாமே காதுக்கு. 119 (பொலிஸ்), 1990 (அம்புலன்ஸ்) என்ற அவசர இலக்கங்களும் அப்படித்தான். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை லயங்களை மண் மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தார்கள். காது கேட்பவர்களையே சரியாகச் சென்றடையாத எச்சரிக்கை கேளாதவரை எப்படிச் சென்றடையும்?

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று நிறத்தில்தான் எச்சரிக்கை கொடுக்கிறது. நிறம் நமக்குச் சாதகம். மூன்று நிறத் துணியை கிராம சேவகரும் தோட்டமும் லயத்தின் முகப்பில் தொங்கவிடலாம். சிவப்பென்றால் உடனே வெளியேற வேண்டும் என்று மழைக்காலத்துக்கு முன்பே சைகையில் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். சுவரில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிய ஊற்று ஆகியவற்றை அவர்கள் நம்மைவிடக் கூர்மையாகப் பார்ப்பார்கள். பார்த்தால் யாரிடம் ஓடிச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரவுக்கு ஆள்தான் வழி. ஒவ்வொரு காது கேளாதவர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டில் இருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். ஒருவர் வேலைக்குப் போனால் மற்றவர் இருப்பார். கதவைத் தட்டிப் பயனில்லை. டோர்ச்சை ஜன்னல் வழியே முகத்தில் அடிக்க வேண்டும், அல்லது உள்ளே போய்த் தோளைத் தொட வேண்டும். எப்படி உள்ளே வருவது என்பதை அந்தக் குடும்பமே முன்கூட்டித் தீர்மானிக்கட்டும். முகாமிலும் இதே கவனம் வேண்டும்: சாப்பாடு, மருந்து, பஸ் பற்றிய அறிவிப்பெல்லாம் மைக்கில் மட்டும் வந்தால் அவர் வரிசையின் கடைசியில்தான் நிற்பார்.

உரைபெயர்ப்பாளர் தரமாட்டோம்னு சொன்னா எங்க போறது?

முதலில் எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். தமிழில் எழுத உங்களுக்கு உரிமை உண்டு. அந்த அலுவலகத்தில் உரைபெயர்ப்புக்கு என்ன ஏற்பாடு, எவ்வளவு ஒதுக்கீடு என்று 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். எழுத முடியாதவர் வேறு விதத்தில் கேட்டால், அதை எழுத்தில் போடுவது தகவல் உத்தியோகத்தரின் கடமை.

அடுத்தது மனித உரிமைகள் ஆணைக்குழு. அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டுவிட்டால் அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆகவே திகதியைக் குறித்து வைத்து, தள்ளிப்போடாமல் செய்யுங்கள்.

நம்ம பக்கம் சைகை தெரிஞ்சவர் ஒரே ஒருத்தர்தான். எல்லார் வீட்டு ரகசியமும் அவருக்குத் தெரிஞ்சிடுதே?

நியாயமான பயம். சின்ன டவுன். காலையில் கிளினிக்கில் உங்கள் கருக்கலைவைப் பற்றி உரைபெயர்த்தவர் மாலையில் அதே பஸ்ஸில் உங்கள் மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் நல்லவராக இருந்தாலும் அந்தப் பெண்ணுக்கு மனம் கூசும். அதனால் "இவர் வேண்டாம்" என்று காது கேளாதவர் சொன்னால் காரணம் கேட்காமல் ஏற்க வேண்டும். பெண்ணுக்குப் பெண் உரைபெயர்ப்பாளரைக் கேட்டால் தேட வேண்டும்.

இந்த இடத்தில் வீடியோ கோல் பெரிய உதவி: வேறு மாவட்டத்தில் இருக்கும், ஊரில் யாரையும் தெரியாத ஒருவரை எடுக்கலாம். பொலிஸில் உரைபெயர்த்தவரே அதே வழக்கில் கோர்ட்டிலும் உரைபெயர்ப்பதைத் தவிர்ப்பது நல்லது. உள்ளூரில் இருக்கும் அந்த ஒருவரிடமும், வெளியே சொல்லமாட்டேன் என்று தொடக்கத்திலேயே காது கேளாதவர் முன்னால் சைகையில் சொல்லச் சொல்லுங்கள். அதை அவர் கண்ணால் பார்த்த பிறகு முதல் கேள்வியைக் கேளுங்கள்.